வாங்கிய வண்டியும் வாய்த்த மெக்கானிக்கும்

சொந்த வீடு, பிள்ளைகளின் திருமணம் ஆகிய இரண்டிற்கும் அடுத்தபடியாக ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பைப் பெருமளவில் விழுங்குவது மோட்டார்க் கார். வீடு வாங்குமுன் வில்லங்கச் சான்று பார்க்கிறோம். வரன் தேடுமுன் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். காருக்கோ, விற்பனைக் கூடத்தின் விளக்கொளியில் மயங்கி ஒரே மாலைப் பொழுதில் கையெழுத்திட்டு விடுகிறோம். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் வாழும் கார் உடைமையாளர் சிலரோடு அண்மையில் அளவளாவியபோது நாம் கேட்டறிந்தவற்றையும், நம் சொந்த அனுபவத்தில் கற்றவற்றையும் ஈண்டு வாசகர்கள்முன் வைக்கிறோம். அவர்கள் யாவரும் வெவ்வேறு சொற்களில் கூறிய செய்தி ஒன்றே. முன்பு காரை வாங்குவது கடினமாயிருந்தது, பழுது பார்ப்பது எளிதாயிருந்தது. இப்போது வாங்குவது எளிதாகி, பழுது பார்ப்பது கடினமாகிவிட்டது.

காத்திருந்த காலம்

இளைய வாசகர்களுக்கு இது கதைபோல் தோன்றலாம். 1959 ஆம் ஆண்டில் மைய அரசு பிறப்பித்த கட்டுப்பாட்டு ஆணையின்படி, புதிய காருக்குப் பெயரைப் பதிவு செய்துகொண்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் முன்பணம் கட்டி, அந்தப் புத்தகத்தை விற்பனை முகவர் பெயருக்கு ஈடாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஆண்டுகள் உருண்டோடும். பதிவு செய்தபோது கைக்குழந்தையாயிருந்தவன் பள்ளிக்குச் செல்லும் பருவத்தில்தான் ஃபியட் கார் வாசலுக்கு வந்தது என்று மயிலாப்பூர்ப் பெரியவர் ஒருவர் நம்மிடம் சிரித்துக்கொண்டே கூறினார்.

தேர்ந்தெடுக்கவும் அதிகமில்லை. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் செய்யப்பட்ட அம்பாசிடர், பம்பாய் குர்லாவில் செய்யப்பட்டுப் பின்னர் பிரீமியர் பத்மினி எனப் பெயர் மாறிய ஃபியட், நம் சென்னையை அடுத்த வண்டலூரில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றே கார்கள். 1948 இல் தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. ஏறத்தாழ 25 அடி வட்டத்துக்குள் முழுவதுமாகத் திரும்பிவிடும் வண்டி அது. கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளிலும், இரானடே நூலகத்தைச் சுற்றிய தெருக்களிலும் ஓட்டியவர்களுக்கே அதன் அருமை தெரியும்.

நம் இல்லத்திலும் ஒரு ஹெரால்டு இருந்தது. பிறர் ஓட்டிக் கழித்துக் கொடுத்த வண்டிதான். அதன் முன்மூடியைத் திறந்தால் இரு பக்கத்து மட்கார்டுகளும் சேர்ந்தே எழுந்து முன்னோக்கிச் சாயும். எஞ்சின் முழுவதும் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின்மேல் அமர்ந்துகொண்டே வேலை செய்வார். மந்தைவெளியிலிருந்து மிதிவண்டியில், கோணிப்பையில் ஸ்பேனர்களைக் கட்டிக்கொண்டு வருவார் அவர். எல்லாரும் 'பாய்' என்றே அழைப்போம். கார்புரேட்டரின் ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதுவார். பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பார். பிளக்கைத் துடைத்து இடைவெளியைக் கண்ணாலேயே அளப்பார். சித்திரை வெயிலில் அண்ணா சாலையின் நடுவே வண்டி நின்றுவிட்டால், பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிப் பத்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும் என்று நமக்குக் கற்பித்தவரும் அவரே. சூட்டினால் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். குளிர்ந்ததும் தானே வழிவிடும். இவற்றில் நம் கண்ணுக்குப் புலப்படாத இரகசியம் எதுவுமில்லை. கூலி கொடுக்கும்போது எதற்காகக் கொடுக்கிறோம் என்பது நமக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கார்கள் சிறந்தவை என்று சொல்ல நாம் வரவில்லை. மூன்று பேர் தள்ளாமல் புறப்படாத காலைப் பொழுதுகளை மறந்துவிட்டுப் பழமையைப் போற்றுவோரைக் கண்டால் நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

1983 டிசம்பர் 14 அன்று தில்லியில் முதல் மாருதி 800 உரியவர் கைக்குச் சென்றது. பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டி ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதற்காகப் பதிவு செய்திருந்தனர். 1993 இல் கார் தயாரிப்புக்கான உரிமக் கட்டுப்பாடு நீங்கியபின் மறைமலை நகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் ஆலைகளை நிறுவின. வரிசையில் நின்று காத்திருந்த குடும்பங்களைத் தேடி வங்கிக் கடன் வீட்டு வாசலுக்கே வரலாயிற்று.

ஆலை மூடினால்?

காரின் விலையையும் அது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதையும் கேட்காதவர் இல்லை. 'இந்நிறுவனம் பத்தாண்டு கழித்தும் இவ்வூரில் இருக்குமா?' என்று கேட்பவர் அரியர். சென்னைவாசிகள் இக்கேள்வியை இருமுறை கற்றிருக்க வேண்டும்.

முதன்முறை 1985 இல். ஸ்டாண்டர்டு நிறுவனம் 'ஸ்டாண்டர்டு 2000' என்னும் பெருங்காரை வெளியிட்டது. உடற்கூடு இங்கிலாந்தின் ரோவர் காருடையது. பார்க்க எடுப்பாக இருக்கும். உள்ளே வைத்த எஞ்சினோ பழைய வேன்கார்டு காலத்தது. பெட்ரோலைக் குடித்தது, விலையும் அதிகம். 1988 இல் வண்டலூர் ஆலையில் உற்பத்தி நின்றது. அதை வாங்கியவர்கள் பிறகு பல ஆண்டுகள் கண்ணாடிக்கும் கதவுக் கைப்பிடிக்கும்கூட அலைந்தார்கள்.

இரண்டாம் முறை 2021 செப்டம்பர் 9. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசிக் கார் வெளிவந்தது. ஏற்றுமதிக்காக அவ்வாலையை மீண்டும் இயக்க எண்ணியிருப்பதாக 2024 செப்டம்பரில் அந்நிறுவனம் தெரிவித்தது வேறு செய்தி. வண்டலூரும் மறைமலை நகரும் ஒரே ஜி.எஸ்.டி. சாலையில் சில மைல் தொலைவில் உள்ளவை என்பதை எண்ணினால் மனம் கனக்கிறது. உதிரி பாகங்களும் பராமரிப்பும் தொடர்ந்து கிடைக்கும் என்று நிறுவனம் உறுதி கூறியது உண்மையே. ஆயினும் அடையாற்றைச் சேர்ந்த ஃபோர்டு உடைமையாளர் ஒருவர் நம்மிடம் சொன்னதாவது: "வண்டியில் குறையில்லை. ஆனால் மறுநாளே பழைய கார்த் தரகர் என்னிடம் பேசும் தொனி மாறிவிட்டது." வாங்கும்போதே விற்கும் விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இத்தகையோர்க்கு அடைக்கலம் எழும்பூரை அடுத்த புதுப்பேட்டை. கூவத்தின் கரையில் கழிந்த வண்டிகளைப் பிரித்து, எஞ்சின், கியர் பெட்டி, கதவு, விளக்கு என்று தனித்தனியே குவித்து வைத்திருக்கும் கடைகள் அங்கே வரிசையாக உண்டு. நேற்றுத் தொலைந்த கார் இன்று புதுப்பேட்டையில் உதிரியாகக் கிடைக்கும் என்று நகரத்தார் பாதி வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எனவே, அங்கு எஞ்சினைப் போன்ற பெரும் பாகம் எதையும் பற்றுச்சீட்டின்றி வாங்கலாகாது. எஞ்சின் எண் மாறினால் பதிவுச் சான்றிலும் அதனை மாற்றியாக வேண்டும்.

இரசீதில் எழுதாத கதை

இனி நமக்கே நேர்ந்ததைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் காரின் இடப்புற முன்சக்கரத்தருகே, வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் 'டொக்' என்றொரு ஓசை எழுந்தது. நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பெரிய பணிமனை ஒன்றுக்குக் கொண்டு சென்றோம். குளிரூட்டிய அறையில் அமரச் செய்து காப்பி தந்தனர். மாலையில் பதினான்காயிரம் ரூபாய்க்கு இரசீது நீட்டினர். முன்புறத்து ஷாக் அப்சார்பர் இரண்டும் மாற்றப்பட்டிருந்தன. அதோடு ஏ.சி. கிருமி நீக்கம், எஞ்சின் உட்புறச் சுத்தம் என நாம் கேளாத இரண்டு மூன்று இனங்களும் ஏறியிருந்தன. வீட்டிற்குத் திரும்பும் வழியில் இலஸ் முனைக்கு வருமுன்னரே 'டொக்' என்றது வண்டி.

மறுநாள் மந்தைவெளிச் சந்தில் பாயின் மகனிடம் காட்டினோம். அவர் வண்டிக்கடியில் படுத்து, ஒரு சிறு தண்டைக் கையால் ஆட்டினார். "சார், லிங்க் ராடு புஷ் போயிருக்கு, அவ்வளவுதான்" என்றார். சில நூறு ரூபாயில் ஓசை நின்றது. பணிமனையார் ஏமாற்றினார்கள் என்று நாம் கூறவில்லை. அங்கே வண்டியைப் பெற்றுக்கொள்பவர் ஒருவர், ஓட்டிப் பார்ப்பவர் ஒருவர், கழற்றுபவர் ஒருவர். அந்த ஓசையைக் கேட்டவர் கழற்றவில்லை, கழற்றியவர் கேட்கவில்லை. நாமும் ஒரு தவறு செய்தோம். ஓட்டிப் பார்ப்பவரை அருகில் அமர்த்தி அந்த வேகத்தடையின்மேல் நாமே ஏற்றிக் காட்டியிருக்க வேண்டும். வேலை அட்டையில் எழுதாத எதையும் நம்மைக் கேளாமல் செய்யக்கூடாது என்றும், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அந்த அட்டையிலேயே எழுதச் சொல்லியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் அவ்வாறே செய்கிறோம். முகஞ்சுளிக்கிறார்கள், ஆனால் எழுதிக்கொள்கிறார்கள்.

சந்து மெக்கானிக்கிடமே போய்விடலாமே என்று வாசகர் கேட்கக்கூடும். அங்கும் ஓர் எல்லை உண்டு. கார்புரேட்டர் மறைந்து, கணினி வழி எரிபொருள் செலுத்தும் முறை வந்தபின், குறையைக் கண்டறிய ஸ்கேனர் என்னும் கருவி வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகளுக்குப் பின்னர் நுணுக்கம் மேலும் கூடிவிட்டது. அந்தக் கருவியையும் உண்மையான உதிரி பாகங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் கார் நிறுவனங்கள் தடுத்தன என்பதே நெடுநாள் குற்றச்சாட்டு. இந்தியப் போட்டி ஆணையம் இதனை விசாரித்து 2014 ஆகஸ்டு 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் அதனை எதிர்த்து வழக்காடின. ஆயினும் அவ்வாணையில் அடங்கிய ஒரு கருத்தை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நன்று. வெளியே எங்கோ ஒருமுறை பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் இரத்து செய்யும் பொதுவான நிபந்தனையை நிறுவனங்கள் விதிக்கலாகாது என்று ஆணையம் பணித்தது. வெளியில் செய்த வேலையினாலேயே பழுது நேர்ந்திருந்தால் அது வேறு.

பாயின் மகன் வங்கிக் கடனில் ஸ்கேனர் ஒன்று வாங்கியிருக்கிறார். சில வண்டிகளுக்கு அது பேசுகிறது. சிலவற்றுக்குப் பேச மறுக்கிறது. மறுக்கும்போது, "இது கம்பெனிக்கே போகணும் சார்" என்று கைவிரித்து விடுகிறார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மெக்கானிக் வாய்த்தால் அவரை இழந்துவிடாதீர்கள்.

புதுக் காரிலேயே குறை தோன்றினால் என் செய்வது? 'வண்டியையே மாற்றித் தாருங்கள்' என்பதே பலரின் முதற் கோரிக்கை. வாரண்டி வாசகம் பழுதான பாகத்தை மாற்றித் தரவே கட்டுப்படுத்துகிறது, முழுக் காரையும் மாற்றித் தர அன்று என்று மாருதி தொடர்பான வழக்கொன்றில் 2006 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. எனவே, ஒவ்வொரு முறை வண்டியைக் கொண்டு சென்றதற்கும் வேலை அட்டை நகலைப் பெற்றுத் தேதிவாரியாகக் கோத்து வைக்க வேண்டும். தீராத குறை என்பதற்கு அந்தக் காகிதங்களே சாட்சி. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காரணம் எழுந்த நாளிலிருந்து ஈராண்டுக்குள் முறையிட வேண்டும். கொடுத்த விலை 50 இலட்சம் வரையாயின் மாவட்ட ஆணையத்திலேயே, அதுவும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். பத்து இலட்சம் வரையிலான காருக்குக் கட்டணம் 200 ரூபாய்க்கு மேல் இல்லை. 1915 என்னும் தொலைபேசி எண்ணில் முதலில் முறையிட்டுப் பார்ப்பதும் உண்டு.

விற்ற பின்னும் விடாத வண்டி

தியாகராய நகரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் பழைய காரைத் தரகர் மூலம் விற்றார். பணம் கைக்கு வந்தது, சாவி கைமாறியது, வெற்றுப் படிவங்களில் கையெழுத்தும் இட்டுக் கொடுத்தார். இரண்டாண்டு கழித்து, எங்கோ வெளி மாவட்டத்தில் நிகழ்ந்த விபத்துக்கு நட்டஈடு கேட்டு அவருக்கு நீதிமன்ற அறிவிப்பு வந்தது. வாங்கியவர் பெயர் மாற்றமே செய்திருக்கவில்லை, காப்பீடும் காலாவதியாகியிருந்தது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின்முன் உடைமையாளர் என்றும், நட்டஈட்டுப் பொறுப்பு அவரையே சாரும் என்றும் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிபடக் கூறியிருக்கிறது. மாநிலத்துக்குள்ளேயே விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50 ஆம் பிரிவு. பதிவு பெற்ற பழைய கார் வணிகரிடம் ஒப்படைக்கும்போது அதனை முறைப்படி அறிவிக்கும் வழியும் 2023 ஏப்ரல் முதல் வந்துள்ளது. மயிலாப்பூர்வாசிக்கு மந்தைவெளி அலுவலகம் கூப்பிடு தொலைவுதான். அந்த ஒரு நடைக்குச் சோம்பியதன் விளைவாக, தலைமையாசிரியர் இன்றும் வழக்கறிஞர் வீட்டுக்கு நடக்கிறார்.

சாவியைத் திருப்பிய கை

2015 டிசம்பர் 1 இரவை இந்நகரத்தார் மறக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டு, அடையாறு இரு கரைகளையும் மீறிப் பெருகியது. கோட்டூர்புரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் நின்றிருந்த நம் நண்பரின் கார், டாஷ்போர்டு வரை மூழ்கியது. மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்தது. வெயிலும் அடித்தது. 'ஓடுகிறதா பார்ப்போமே' என்று அவர் சாவியைத் திருப்பினார். ஒரே ஓர் ஓசை, அவ்வளவே.

நடந்தது இதுதான். பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவியைப் பிஸ்டன் அழுத்தினால் அது சுருங்கும். நீர் சுருங்காது. சிலிண்டருக்குள் நீர் இருக்க, பிஸ்டன் மேலெழுந்து மோத, கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. சாவியைத் தொடாமல் விட்டிருந்தால் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றி, எஞ்சினைக் காப்பாற்றியிருக்கலாம்.

காப்பீட்டு மதிப்பீட்டாளர் வந்தார். இருக்கை, மின்கம்பிகள் முதலிய சேதங்களை ஏற்றுக்கொண்டார். அவற்றிலும் பிளாஸ்டிக், இரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையே கிடைத்தது. தேய்மானக் கழிவு விதி அப்படி. எஞ்சினுக்கு ஒரு காசும் இல்லை. வெள்ளம் செய்த சேதம் அன்று, வெள்ளத்திற்குப்பின் இயக்கியதன் விளைவு என்றார். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தபோதுதான் அந்த வரி நண்பர் கண்ணில் பட்டது. எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் பிரிவைச் சிறு தொகை செலுத்திச் சேர்த்திருக்கலாம். முகவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. எஞ்சின் செலவு இரண்டு இலட்சத்தை நெருங்கியது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருந்த வைப்புத் தொகையை முறித்தார்.

நீரில் நின்ற வண்டி எதுவாயினும் முதலில் நிழற்படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவியுங்கள். பாட்டரி இணைப்பைக் கழற்றச் செய்யுங்கள். சக்கரம் தரையில் உருளாதபடி மேடை லாரியில் ஏற்றிப் பணிமனைக்கு அனுப்புங்கள். பழைய கார் வாங்குவோர்க்கும் ஒரு சொல்: மூழ்கிய வண்டிகள் மெருகேற்றப்பட்டுக் கைமாறுவதுண்டு. இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கடை நுனியில் சேற்றுக்கறை தெரியும். தரை விரிப்பைத் தூக்கி முகருங்கள். இருக்கையின் அடித் திருகாணிகளில் துரு, முன்விளக்குக் கண்ணாடிக்குள் ஈரப்படலம் ஆகியவற்றையும் நோக்குங்கள். கிலோமீட்டர் காட்டும் எண்ணைவிட இவை உண்மை பேசும்.

2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தின்மேல் வரிசையாகக் கார்களை நிறுத்திவிட்டு மக்கள் நடந்தே வீடு திரும்பியதைக் கண்டோம். வெளியூர் நண்பர்கள் நகைத்தார்கள். கோட்டூர்புரத்து நண்பர் மேம்பாலத்தில் இடம் தேடவில்லை. மழை தொடங்குவதற்கு முதல்நாளே பரங்கிமலையில் மேடான தெருவிலுள்ள தம் தமக்கை வீட்டு வாசலில் காரை விட்டுவிட்டு, சாவியையும் தமக்கையிடமே கொடுத்துவிட்டுப் புறநகர் இரயிலில் திரும்பினார். "சாவியை ஏன் கொடுத்தீர்கள்?" என்று கேட்டோம். "என் கையில் இருந்தால் திருப்பிவிடுவேன் என்று வீட்டில் சொல்கிறார்கள்" என்றார்.